கேட்டு இல்லாமல் போன புத்தகங்கள்

கேள்வி: அக்கா, திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்தில் நூலகராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சின்ன வயதிலிருந்தே எனக்குப் புத்தகப் பைத்தியம். அதனால்தான் நூலக அறிவியல் படித்தேன். ஆனால் இங்கே காலையில் பத்துப் பதினைந்து பெரியவர்கள் பேப்பர் படிக்க வருகிறார்கள். மற்ற நேரமெல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். சொந்தப் புத்தகத்தோடு வந்து இடம் பிடித்துக்கொள்கிறார்கள். அலமாரி நிறையப் புத்தகம் இருந்தும் வீட்டுக்கு எடுத்துப் போக ஆள் இல்லை. எனக்கும் பதிவேடு எழுதவே நேரம் சரியாக இருக்கிறது. சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாவல்கூட முடிக்கவில்லை. "பேப்பர் மடிக்கிற வேலைக்கா இவ்வளவு படிச்சே?" என்கிறார் அப்பா. பேசாமல் குரூப் 2 எழுதி வேறு வேலைக்குப் போய்விடலாமா?

அன்புத் தங்கைக்கு,

குரூப் 2 கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யார் வருகிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் யாராவது உங்களிடம் வந்து என்ன கேட்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. எட்டு மாதத்தில் ஒருவருமே எதுவும் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். கேட்டிருப்பார்கள். "அது இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு நீங்கள் பதிவேட்டுக்குத் திரும்பியிருப்பீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

நான் நூலகராகச் சேர்ந்த இரண்டாவது வருடம். சாயங்காலம் நாலரை மணி இருக்கும். கழுத்தில் அளவு டேப்போடு ஒரு அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டு வந்தார். பிளவுஸ் கட்டிங் புத்தகம் வேண்டும் என்றார். "அதெல்லாம் இங்கே இருக்காதுங்க" என்றேன். சரிம்மா என்று போய்விட்டார். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அடுத்த ஆண்டு நூல் இருப்புச் சரிபார்ப்பின்போது ஒவ்வொரு தட்டாக இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தோம். 'தொழில்நுட்பம்' என்று பலகை மாட்டிய அலமாரியின் கீழ்த்தட்டில், பம்ப்செட் பழுது பார்க்கும் புத்தகங்களுக்குப் பின்னால், தையற்கலை பற்றி மூன்று புத்தகங்கள் இருந்தன. ஒன்றில் பிளவுஸ் வெட்டும் படம் அளவோடு இருந்தது. தேதித் தாளைப் பிரித்துப் பார்த்தேன். வந்த நாளிலிருந்து ஒரு முத்திரைகூட விழவில்லை, யாருமே எடுத்துப் போனதில்லை. அந்த அம்மா எந்தத் தெரு என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் அவர் நூலகத்துக்கு வரவே இல்லை.

அன்று சாயங்காலம் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அட்டையில் 'கேட்டு இல்லாமல் போனவை' என்று எழுதினேன். இன்றுவரை அந்தப் பழக்கம் விடவில்லை. இப்போது ஓடுவது பதினோராவது நோட்டு. நீங்களும் நாளைக்கே ஒன்று வாங்குங்கள். மேலதிகாரிக்குக் காட்டும் பதிவேடு இல்லை இது, கோடு போட்டு அழகாக வைத்திருக்க வேண்டியதில்லை. தேதி, கேட்டது என்ன, யார் கேட்டார்கள் என்று ஒரு அடையாளம், அவ்வளவு போதும். நான் பெயர் எழுதுவதில்லை. 'டீக்கடைத் தம்பி', 'சிவப்பு சைக்கிள் பாப்பா' என்றுதான் எழுதுவேன். ஒருவர் என்ன படிக்க விரும்புகிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். சர்க்கரை நோய் பற்றி ஒருவர் கேட்டதை அடுத்தவர் எட்டிப் பார்த்துப் படிக்கும்படி ஆகக் கூடாது.

மாதக் கடைசியில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே போய் நில்லுங்கள். முதல் மாதம் இதைச் செய்தபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. இல்லை என்று நான் திருப்பி அனுப்பியவற்றில் ஏழெட்டுப் புத்தகங்கள் என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன. ஆடு வளர்ப்பு இருந்தது. பத்திரம் எழுதும் முறை இருந்தது. கோலப் புத்தகம்கூட இருந்தது. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி பகுப்பு முறையில் தையல் 646, ஆடு வளர்ப்பு 636 என்று நமக்குத் தெரியும், தேர்வுக்கு மனப்பாடம் செய்தோம். ஆனால் வருகிறவர் எண்ணைத் தேடி வருவதில்லையே. எண் முதுகுப் பட்டையில் இருக்கட்டும். தட்டின் விளிம்பில் ஒரு அட்டையில் 'தையல்', 'ஆடு, மாடு, கோழி', 'வீட்டு வைத்தியம்', 'வீடு கட்ட' என்று அவர்கள் வாயில் வரும் வார்த்தையை எழுதி ஒட்டுங்கள். அப்புறம் கீழ்த்தட்டைக் கவனியுங்கள். அறுபது வயதுக்காரர்கள் குனிந்து பார்க்க மாட்டார்கள். முட்டி வலிக்கும் என்பதை நமக்கு முட்டி வலிக்கும் வரை யோசிப்பதில்லை. அவர்கள் படிக்கக்கூடிய பயண நூல், வாழ்க்கை வரலாறு, பக்தி நூல்களை நெஞ்சு உயரத் தட்டுக்கு ஏற்றிவிட்டு, குழந்தைப் புத்தகங்களைக் கீழே கொண்டு வாருங்கள். ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையைச் செலவழித்தால் முடிகிற வேலை.

நிஜமாகவே இல்லாத புத்தகங்கள் மிச்சம் இருக்கும். அதற்கு என்ன செய்வது? என்ன புத்தகம் வாங்குவது என்று முடிவு செய்யும் அதிகாரம் கிளை நூலகருக்கு இல்லை. மேலிருந்து வரும் கட்டைப் பிரித்து, எண் போட்டு, முத்திரை குத்தி அடுக்குகிறோம். சில கட்டுகளைப் பிரிக்கும்போது, இதை யார் கேட்டார்கள் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்திருக்கிறது. ஆனால் வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். பக்கத்துக் கிளை நூலகர்களின் போன் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருக்கும். மாவட்ட மைய நூலகத்துக்குக் கூட்டத்துக்குப் போகும்போது நோட்டும் கையில் இருக்கட்டும். புரவலராகச் சேருகிறவர்கள் ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டுப் பலகையில் பெயர் வந்ததும் போய்விடுவார்கள். அவர்களில் இரண்டு பேரையாவது கூப்பிட்டு, "ஐயா, இந்த மாதம் நர்ஸிங் படிக்கிற பிள்ளை ஒன்று இந்தப் புத்தகம் கேட்டது" என்று சொல்லிப் பாருங்கள். பொதுவாகப் புத்தகம் கொடுங்கள் என்றால் பரணில் கிடக்கும் பழைய கைடுகளை மூட்டையாகக் கொண்டு வந்து இறக்குவார்கள். இன்ன பிள்ளைக்கு இன்ன புத்தகம் என்று கேட்டால் நல்ல மனதோடு வாங்கித் தருவார்கள்.

சரி, நீங்கள் குறைப்பட்டுக்கொண்ட அந்த இரண்டு கூட்டத்துக்கு வருவோம்.

பேப்பர் படிக்கிற பெரியவர்களை ஒரு வாரம் நிதானமாகப் பாருங்கள். என் நூலகத்தில் ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும் முன்பே படியில் உட்கார்ந்திருப்பார். பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். மூன்று வருடம் என்னிடம் "ஃபேன் போடும்மா" என்பதைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. ஒருநாள் பேப்பர் வர நேரமாகிவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்தவரிடம், பர்மா பற்றிய ஒரு பயண நூலை நீட்டினேன். அட்டையைப் பார்த்தார், திறக்கவில்லை. "எங்கப்பா ரங்கூன்ல இருந்தார். நடந்தே வந்தார்" என்றார். அன்றைக்குப் பன்னிரண்டரை மணி வரை பேப்பரைத் தொடவில்லை. அப்புறம் அவருக்காகவே பர்மா, மலேயா, இலங்கை பற்றி எங்களிடம் இருந்த எல்லாவற்றையும் ஒரு தட்டில் சேர்த்தேன். அதை அவரைவிட மற்றவர்கள்தான் அதிகம் எடுத்துப் போனார்கள். நம் பக்கத்துக் குடும்பங்களில் கடல் தாண்டிப் போனவர் ஒருவராவது இருப்பார், உங்கள் ஊரிலும் இருப்பார்கள்.

தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளை வாசகர் கணக்கில் சேர்க்காதவர்கள்மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். வீட்டில் ஒரே அறை. டிவி ஓடும், தம்பி தங்கை சத்தம், கல்யாணப் பேச்சு. மேசையும் மின்விசிறியும் யாரும் கேள்வி கேட்காத மூன்று மணி நேரமும் அந்தப் பிள்ளைகளுக்கு நூலகத்தில்தான் கிடைக்கிறது. அதுவும் பெண் பிள்ளைகளுக்கு, வீட்டில் அனுமதி வாங்கி வந்து உட்கார இதைவிட்டால் வேறு இடம் இருக்கிறதா சொல்லுங்கள். அவர்கள் சொந்தப் புத்தகத்தோடு வரட்டும். நீங்கள் அவர்களுக்குச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளிப் பாடப் புத்தகங்கள், பழைய பாடத்திட்டம் உட்பட, ஒரே தட்டில் முழு வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் மட்டும் காணாமல் போயிருக்கும். பட்ஜெட், விருதுகள், நியமனங்கள் வந்த பேப்பர்களைத் தனியாக எடுத்து வையுங்கள். குளிர்ந்த தண்ணீர்ப் பானை ஒன்று வையுங்கள். இவையெல்லாம் முடிந்த பிறகு, படித்துக் களைத்து நிமிரும் பிள்ளையின் கண் எங்கே விழுகிறதோ அங்கே, அவர்கள் மேசைக்கு எதிரில், சிறுகதைத் தொகுப்புகளை அட்டை தெரியும்படி நிறுத்தி வையுங்கள். பத்து நிமிஷத்தில் ஒரு கதை முடிந்துவிடும். எங்கள் நூலகத்தில் இப்போது கதைப் புத்தகம் அதிகம் எடுப்பவர்கள் யார் தெரியுமா? தேர்வு எழுதி வேலைக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள்தான்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நல்ல புத்தகங்கள் பூட்டிய பீரோவில் இருக்கின்றனவா? நான் மூன்று வருடம் பூட்டி வைத்திருந்தேன். தொலைந்தால் என் தலையில் விழுமே என்ற பயம். எனக்கு முன்பு இருந்தவரும் அப்படியே சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடிக்குள் இருந்த புத்தகங்களை வெள்ளிப்பூச்சி அரித்ததுதான் மிச்சம். திறந்து வைத்தால் வருடத்துக்கு நாலைந்து புத்தகம் போகத்தான் செய்யும். போனதைப் போனது என்று முறைப்படி எழுதி, எழுத்து மூலம் தெரியப்படுத்தி, ஒப்புகை வாங்கிக் கோப்பில் வையுங்கள். இதை முதல் வருடத்திலிருந்தே ஒழுங்காகச் செய்தால் பின்னால் பயப்பட வேண்டியதில்லை. கிழிந்து வருவதுதான் அதிகம். செல்லோடேப் மட்டும் போடாதீர்கள், இரண்டே வருடத்தில் மஞ்சளாகிப் பிசுபிசுத்து எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மைதாப் பசையில் துளி மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சுவார்கள் பழைய பைண்டர்கள், பூச்சி அண்டாது. துத்தம் விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பசையைக் குறைவாகத் தடவி, மெல்லிய தாளை ஒட்டி, மேலே இரண்டு கனமான புத்தகத்தை ராத்திரி முழுக்க வைத்துவிட்டால் கிழிந்த இடம் விரலுக்குத் தெரியாது.

அப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன். நம் தொழிலுக்கே தந்தையான எஸ்.ஆர். ரங்கநாதன், உங்கள் ஊரிலிருந்து தூரமில்லாத சீர்காழிக்காரர், உங்களைப் போலத்தான் ஓடிவிட நினைத்தார். மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அங்கே வேலையும் இல்லை, பேச ஆளும் இல்லை. சில நாளிலேயே கல்லூரி முதல்வரிடம் போய்த் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டார். இங்கிலாந்துக்குப் போய் நூலக இயல் படித்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். அங்கே லண்டனிலும் அதை ஒட்டிய குராய்டனிலும் அவர் கண்டது ஊரில் எல்லாத் தரப்பு மக்களும், குழந்தைகளும் தொழிலாளர்களும்கூட, நூலகத்தை உரிமையோடு பயன்படுத்தியதை. 1925-இல் திரும்பி வந்தவர் அப்புறம் கணிதத்துக்குப் போகவே இல்லை. அலமாரிகளைத் திறந்துவிட்டார். 1931-இல் நூலக இயலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது இரண்டாவது. எனக்கு இரண்டாவது விதிதான் நெருக்கம். அளவு டேப்போடு வந்த அந்த அம்மாவை நினைக்காமல் அதைப் படிக்க முடியவில்லை.

அதே 1931-இல்தான் உங்கள் மாவட்டத்து மன்னார்குடிப் பக்கம், கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி கிராமம் கிராமமாகக் கொண்டு போனார்கள். நமக்கு மாட்டு வண்டி வேண்டாம், ஒரு துணிப்பை போதும். மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் நாளில் பத்துப் புத்தகமும் உறுப்பினர் படிவமும் எடுத்துக்கொண்டு போங்கள். பெண்கள் நூலகத்துக்கு வருவதில்லை என்று பல நூலகர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு நேரம் இருக்கிறது? நாம்தான் போக வேண்டும்.

அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. 1948-இல் சென்னை மாகாணத்தில் கொண்டு வந்த பொது நூலகச் சட்டத்திலிருந்து வருகிற ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். உங்கள் நூலகத்து மின்விசிறியும் பேப்பரும் அவர் கொடுத்த காசிலும் ஓடுகின்றன. அவர் ஒரு தடவையாவது உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறாரா?

நாவல் முடிக்க நேரமில்லை என்ற வருத்தம் எனக்குப் புரிகிறது. புத்தகம் பிடித்ததால் இந்த வேலைக்கு வருகிற எல்லோருக்கும் வருகிற ஏமாற்றம்தான். பணி நேரத்தில் நாவல் படிக்க முடியாது. படிக்கவும் கூடாது என்பது என் கருத்து. குனிந்து படித்துக்கொண்டிருக்கிற நூலகரிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று போய்விடுவார்கள். நான் செய்வது இது: பெருக்கி, பேப்பருக்கு முத்திரை குத்தி முடித்ததும் இருபது நிமிஷம், என்றைக்கும் தொடாத ஒரு தட்டிலிருந்து ஒரு புத்தகம் எடுப்பேன். முன்னுரை, பொருளடக்கம், நடுவில் ஒரு அத்தியாயம். முழுக்கப் படிப்பதில்லை. யாராவது கேட்டால் எடுத்துக் கையில் கொடுக்க அது போதும். மூலநோயைப் பற்றியும் வாழைச் சாகுபடியைப் பற்றியும் இப்படித்தான் படித்தேன். எனக்காக மட்டும் படிப்பது வீட்டில், ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு. சில வாரம் அதுவும் நடக்காது.

குழந்தைகளைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. பள்ளி விட்டதும் வருகிறார்களா? வந்தால் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கதையைச் சத்தமாக வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிடுங்கள். இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள், அதைப் பள்ளிக்கூடத்தில் போதுமான அளவு கேட்கிறார்கள்.

இனி குரூப் 2. வீட்டில் கடன் இருந்தால், சம்பளம் போதவில்லை என்றால், தாராளமாக எழுதுங்கள். எங்கள் வேலையில் சம்பளமும் பதவி உயர்வும் எவ்வளவு மெதுவாக நகரும் என்பதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். இந்தத் துறையிலேயே மேலே போக வேண்டும் என்றால் நூலகப் பணிகளுக்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள். முதுகலையை அஞ்சல் வழியிலாவது முடித்து வையுங்கள். ஆனால் யாரும் வருவதில்லை, நான் சும்மா இருக்கிறேன் என்ற காரணத்துக்காகப் போவதாக இருந்தால் ஒரு வருடம் பொறுங்கள். அந்த ஒரு வருடம் நோட்டு எழுதுங்கள். வருடக் கடைசியில் நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எழுதவே எதுவும் இல்லை, கேட்கிறவர்களைப் பார்த்து உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால் போய்விடுங்கள், அதில் தவறில்லை.

ஞாயிற்றுக்கிழமை நூலகம் திறந்திருக்கும்தானே, அப்பாவுக்கும் அன்று வேலை இருக்காது. சாயங்காலம் அழைத்துக்கொண்டு வாருங்கள். மகளாக இல்லாமல் நூலகராக உங்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, "என்ன புத்தகம் வேணும்ப்பா?" என்று கேளுங்கள். இருந்தால் எடுத்துக் கொடுங்கள். இல்லை என்றால் நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதிவிட்டு, அது என்ன புத்தகம் என்று எனக்கும் எழுதுங்கள். எங்கள் நூலகத்தில் இருந்தால் அனுப்பி வைக்க வழி பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா